மலைத்தோட்டத்தில் இயற்கை விவசாயம்: யார் சொல்வதைக் கேட்பது?

ரிங்லெட், பெர்த்தாம் வேலி, கோலா தெர்லா என்று மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறி போடும் நம் ஆட்கள் பலர் இப்போது ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். உரச் செலவும் மருந்துச் செலவும் கையைக் கடிக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் வேறு "மருந்தைக் குறைங்கப்பா" என்கிறார்கள். இயற்கை முறைக்கு மாறலாம் என்று மனம் வந்துவிட்டது. யாரைக் கேட்டு ஆரம்பிப்பது என்பதில்தான் குழப்பம். தமிழ்நாட்டு வீடியோ ஒன்று சொல்கிறது, வாட்ஸ்அப் குழுவில் அதற்கு நேர்மாறாக ஒன்று வருகிறது, மருந்துக்கடை முதலாளியான தவ்கே புதிதாக ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார், விவசாய இலாகாவில் நிரப்பச் சொல்லி ஒரு பாரத்தைக் கொடுக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து மாமா எதுவும் பேசாமல் தன் கோஸை லோரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் போக வேண்டியது, தன் தோட்டம் இருக்கும் அதே உயரத்தில் ஏற்கெனவே இயற்கை முறையில் பயிர் வைத்திருக்கும் ஒருவரின் தோட்டத்துக்கு. அடுத்தது, மண்ணைச் சோதித்துப் பார்க்க விவசாய இலாகாவுக்கு. வீடியோவும் வாட்ஸ்அப்பும் அதற்கு அப்புறம். கடைக்குப் போவது, இன்ன பொருள்தான் வேண்டும் என்று தெரிந்த பிறகு. இந்த வரிசைக்கான காரணங்களையும், இது மாறும் சந்தர்ப்பங்களையும் கீழே எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: சொல்லப்படும் முறை நம் உயரத்துக்கும் குளிருக்கும் மழைக்கும் பொருந்துமா? கேமரன் மலை முழுக்க ஒரே சீதோஷ்ணம் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கலாம். ரிங்லெட் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், தானா ராத்தா 1,440 மீட்டர், பிரிஞ்சாங் அதற்கும் மேலே. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை பாகைக்குச் சற்று அதிகமாகவே குறையும். ஆகவே ரிங்லெட்டில் சரியாக வந்த ஒரு கணக்கு பிரிஞ்சாங்கில் அப்படியே வராது. மலைக்குள்ளேயே இப்படி என்றால், 32 பாகை வெயிலில் செய்து பார்த்த ஒரு முறையை இரவில் 16 பாகைக்கு இறங்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது.

இரண்டாவது: திரும்பக் கேள்வி கேட்க முடியுமா? மூன்றாவது: எத்தனை லிட்டருக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, பயிர் எந்தப் பருவத்தில் இருக்கும்போது என்று அளவு சொல்கிறார்களா? நான்காவது: இதைச் சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது, தவறிப்போனால் நஷ்டம் யாருக்கு? ஐந்தாவது: பதில் எவ்வளவு சீக்கிரம் வரும்? இலைக்கு அடியில் புழு ஏறியிருக்கும்போது அடுத்த மாதம் கிடைக்கும் நல்ல பதிலால் பயனில்லை. ஆறாவது: விற்கும்போது இது உதவுமா? இயற்கையாக விளைவித்தேன் என்று வாயால் சொன்னால் மொத்த வியாபாரி ஒரு காசும் கூட்டித் தர மாட்டார்.

மொழியைத் தனியாக வைக்கவில்லை, ஏனென்றால் அது எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது. இந்த மலையில் பயிர் அனுபவத்தில் பெரும்பகுதி சீன விவசாயிகளிடம் இருக்கிறது, அவர்கள் பேசிக்கொள்வது சீனத்தில். அரசாங்கத் தாள்கள் மலாயில். நமக்குத் தமிழில் கிடைப்பதோ கடல் தாண்டி வருகிறது. இந்த இடைவெளியில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தமிழ்நாட்டு வீடியோக்கள்

வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்து, நம் பேச்சிலேயே கேட்டுக் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் இது ஒன்றுதான். 2013-இல் மறைந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியவை, கரூர் மாவட்டத்தில் அவர் தொடங்கிய வானகம், கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா, மகாராஷ்டிராவின் சுபாஷ் பாலேக்கர் சொல்லிக்கொடுத்த ஜீவாமிர்தம் எல்லாம் இப்போது நம் வீடுகளுக்கு வீடியோவாக வருகின்றன. மண்ணை உயிருள்ளதாகப் பார், வெறும் மண்ணாக விடாதே, வெளியிலிருந்து வாங்குவதைக் குறை என்ற அடிப்படையை இவ்வளவு பரிவோடு தமிழில் சொன்னவர்கள் வேறு யார்? அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு.

சிக்கல் செய்முறையில் வருகிறது. ஜீவாமிர்தத்தை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். நிழலில் இரண்டு நாள் வைத்துக் கலக்கிவிட்டு ஒரு ஏக்கருக்கு விட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருப்பவருக்கு இதில் பெரிய செலவே இல்லை. ரிங்லெட்டில் எத்தனை பேர் வீட்டில் மாடு இருக்கிறது? மலைக்குக் கீழே தாப்பா, பீடோர் பக்கம் மாடு வைத்திருப்பவரிடம் சாணம் வாங்கி மலையேற்றினால் வண்டிக்கூலி, பெட்ரோல், ஒரு நாள் வேலை எல்லாம் சேர்ந்துகொள்ளும். கூடவே புல் விதைகளும் வரும். வெல்லம் மளிகைக் கடையில் இறக்குமதிச் சரக்கு, விலையும் அப்படித்தான். அதற்குப் பதிலாகப் பழுப்புச் சீனியோ கரும்புப் பாகோ போட்டாலும் நுண்ணுயிர்களுக்கு உணவுதான். ஆனால் இதை அந்த வீடியோவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கு அந்தக் கவலை வந்திருக்காது.

குளிர் இன்னொரு பிரச்சினை. இரண்டு நாள் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே புளிப்பது மெதுவாக நடக்கும். நாளை எண்ணாமல் நுரையையும் வாசனையையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், அதையோ திரையில் முகர முடியாது. பூச்சி விரட்டும் ஐந்திலைக் கரைசல் என்றால் எருக்கு, நொச்சி, ஆடாதொடை என்று பட்டியல் போடுகிறார்கள். இந்த மலையில் அவற்றை எங்கே தேடுவது? வேம்புகூட இந்தக் குளிரில் சரியாக வராது, கீழே இருந்துதான் கொண்டுவர வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதும் இங்கே பொருந்தாது. நமக்கு ஆண்டு முழுக்க மழை, ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும் உச்சம்.

மண்ணை வைக்கோல், சருகு போட்டு மூடும் மூடாக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வறண்ட நிலத்தில் மூடாக்கு போடுவது ஈரத்தைக் காப்பாற்ற. நமக்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இங்கேயும் மூடாக்கு கட்டாயம் வேண்டும், காரணம்தான் வேறு: சரிவில் அடிக்கும் மழை மேல்மண்ணை அப்படியே வழித்துக்கொண்டு போகிறது. ரிங்லெட் ஏரியைப் பார்த்தாலே தெரியும். அந்த ஏரியை உண்டாக்கிய, 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையில் சேறு சேர்ந்துகொண்டே இருப்பதற்கு மேலே உள்ள வெற்று மண்ணும் ஒரு காரணம். ஆனால் வீடியோவில் காட்டுவதுபோல் தண்டை ஒட்டி வைக்கோலைக் குவித்தால் நம் ஈரத்தில் நத்தையும் அட்டை மாதிரி ஊரும் ஓடில்லா நத்தையும் அதற்குள் குடியேறி, இரவில் நாற்றைத் தின்றுவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

மறைமுகச் செலவு என்றால் இதுதான். வீடியோ இலவசம். அதைப் பார்த்து அப்படியே செய்து ஒரு போகம் போனால், நாற்று நட்டு இரண்டரை மாதம் காத்திருந்த கோஸ் போய்விடும். திரும்பக் கேட்டால் பதில் வராது. தத்துவத்துக்கும் விதை எடுப்பதற்கும் மாறும் துணிச்சலுக்கும் வீடியோவைப் பாருங்கள். அளவுக்கும் நாள்கணக்குக்கும் அதை நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப் குழு

இதன் பலம் வேகம். காலையில் இலையைப் படம் பிடித்துப் போட்டால் மதியத்துக்குள் நாலு பேர் பதில் சொல்வார்கள். கோழி எரு லோரியைப் பங்கு போட்டுக்கொள்ள, மிஞ்சிய நாற்றைக் கொடுக்க, இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்று தெரிந்துகொள்ள இதைவிட வசதி கிடையாது. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் மலைக்காரர்களாக இருந்தால் உயரப் பிரச்சினையும் குறைவு. ஆனால் பல குழுக்களில் கிள்ளானில் மாடியில் தொட்டி வைத்திருப்பவரும் சுங்கை சிப்புட்டில் வாழை போட்டிருப்பவரும் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரும் கலந்தே இருக்கிறார்கள். பதில் சொல்பவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

பலவீனம் என்னவென்றால், வெற்றி மட்டும்தான் பதிவாகிறது. பளபளவென்று ஒரு கோஸ் படம், கீழே "மீன் அமிலம் அடிச்சேன், சூப்பர்". பத்து லிட்டருக்கு எவ்வளவு? பிளாஸ்டிக் கூரைக்குள்ளா, வெளியிலா? அதோடு வேறு என்ன போட்டார்? அந்த வரிகள் வரவே வராது. அழுகிப்போன பாத்தியை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. இன்னொன்று, நம் பழக்கவழக்கத்தில் இருப்பது: குழுவில் மூத்தவர் ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால், அது தனக்கு வேலை செய்யவில்லை என்று இளையவர் எழுதத் தயங்குகிறார். மரியாதை நல்லதுதான், பயிருக்கு அது உதவாது. "ஐயா, நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், எனக்கு இப்படி ஆச்சு, எங்கே தப்பு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் குறைச்சல் இல்லை, குழுவுக்கே லாபம்.

மார்ச்சில் வந்த நல்ல குறிப்பை செப்டம்பரில் தேடினால் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். பயன்படும் என்று தெரிந்ததை அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

விவசாய இலாகாவும் மார்டியும்

நம் ஆட்கள் அதிகம் ஒதுக்கிவிடும் வழி இது. அது எனக்கு வருத்தம்தான். இலாகா என்றாலே மருந்தும் உரமும்தான் சொல்வார்கள், இயற்கை விவசாயத்துக்கு அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். இருக்கிறது.

கோஸ் போடுபவர் எல்லாருக்கும் தெரிந்த எதிரி வைர முதுகு அந்துப்பூச்சி. இதன் புழு பல மருந்துகளுக்குப் பழகிப்போய், அடிக்க அடிக்கச் சாகாமல் நின்ற காலம் இந்த மலையில் உண்டு. 1970-களில் டயாடெக்மா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, மார்டி எனப்படும் மலேசிய விவசாய ஆராய்ச்சி நிலையம் இங்கே விட்டது. அந்தக் குளவி புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வளரும். அதற்குக் குளிர் வேண்டும். சமவெளி வெயிலில் அது தாக்குப்பிடிக்காது, நம் மலையில் நிலைத்துவிட்டது. கண்டபடி மருந்தடித்தால் புழுவுக்கு முன்னால் குளவிதான் சாகும், அதனால் மருந்தைக் குறைத்த தோட்டங்களில்தான் அது நன்றாகப் பெருகியது.

இதை உங்கள் தோட்டத்திலேயே பார்க்கலாம். கோஸ் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். மெல்லிய வலை மாதிரி ஒரு கூடு ஒட்டியிருக்கும். உள்ளே வெளிர்பச்சையாகக் கூட்டுப்புழு தெரிந்தால் அது அந்துப்பூச்சி. அதே வலைக்குள் பழுப்பு நிறத்தில், இரண்டு முனையும் உருண்ட சிறு குப்பி மாதிரி ஒன்று இருந்தால் அது குளவி. இருபது செடியில் இப்படிப் பார்த்துவிட்டு, பழுப்பு அதிகமாக இருந்தால் அந்த வாரம் எதுவும் அடிக்க வேண்டாம். எந்தத் தமிழ் வீடியோவிலும் இதை நான் பார்த்ததில்லை. நம் மலைக்கே உரிய அறிவு இது.

இலாகாவில் முதலில் கேட்க வேண்டியது மண் பரிசோதனை. நம் மண் பெரும்பாலும் அமில மண். அமிலம் கூடிய மண்ணில் எத்தனை டிரம் கரைசல் ஊற்றினாலும் பயிர் சத்தை எடுக்காது, கோஸ் வேர் வீங்கும் நோயும் அதில் அதிகம். அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்பு எவ்வளவு போடலாம் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, மண்ணைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது சான்றிதழ். மைகேப், மைஆர்கானிக் என்று இரண்டு இருக்கின்றன, பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். மைகேப் 2013-இல் வந்தது. அதில் மருந்து அடிக்கலாம், அளவாகவும் அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியை விட்டும் அடிக்க வேண்டும். மைஆர்கானிக் எம்எஸ் 1529 என்ற மலேசியத் தரத்தின்படி தரப்படுகிறது, அதில் ரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் இடமில்லை. சிங்கப்பூருக்கு ஏற்றுபவருக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குக் கொடுப்பவருக்கும் முதல் படியாக மைகேப் போதும். "ஆர்கானிக்" என்று லேபிள் ஒட்டி விற்க ஆசைப்படுபவருக்கு மைகேப் உதவாது.

இங்கே மறைமுகச் செலவு நிறைய. அதிகாரி தோட்டத்துக்கு வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும், பாரம் மலாயில், பதிவேடு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நிலத்தில் உங்களுக்குள்ள உரிமைக்கு ஆதாரம் கேட்பார்கள். நம்மில் பலர் டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்கிறோம், சட்டப்படி அது அந்த ஆண்டு முடியும்போதே முடிந்துவிடும், திரும்பப் புதுப்பிக்க வேண்டும். மண்ணைப் பொறுமையாகத் தேற்றச் சொல்லும் ஒரு முறைக்கு ஓராண்டு உரிமத்தை நம்பி இறங்குவது சுலபமான முடிவு இல்லை. உரிமம் புதுப்பிக்கும் வேலையை முடித்துவிட்டு அப்புறம் சான்றிதழ் பக்கம் போங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். மைஆர்கானிக்குக்கு மண், தண்ணீர், விளைச்சல் எல்லாம் சோதனைக்குப் போகும். உங்கள் குழாய்த் தண்ணீர் மேலே உள்ள தோட்டங்களைத் தாண்டி வரும் ஓடையிலிருந்து வந்தால், நீங்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மேலே அடிக்கும் மருந்து கீழே வரும். மலைச்சரிவில் இயற்கை விவசாயம் செய்பவர் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

மருந்துக்கடை

கடைக்காரருக்கு அனுபவம் அதிகம், பதிலும் உடனே கிடைக்கும். காலையில் ஒரே மாதிரி இலையோடு நாலு பேர் வந்தால் எந்தப் பூச்சி எந்தப் பக்கம் கிளம்பியிருக்கிறது என்று இலாகாவுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் ஒரு பாட்டிலாகத்தான் இருக்கும், அவர் தொழில் அது. அறுவடை வரைக்கும் கடன் தருகிறார் என்றால் அடுத்த போகத்திலும் அவர் சொல்வதைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பிடி என்று சொல்லும் பாக்டீரியாப் பொடி மாதிரி இயற்கை முறையிலும் ஏற்கும் சில பொருள்கள் கடையில்தான் கிடைக்கும். போய் வாங்குங்கள். வாங்கும்போது லேபிளில் எல்ஆர்எம்பி என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி விற்கப்படும் பூச்சிமருந்துக்கு அந்த எண் இருக்க வேண்டும். "எல்லாம் மூலிகை, எல்லாப் பூச்சிக்கும் கேட்கும்" என்று எண்ணும் இல்லாமல் உள்ளே என்ன என்பதும் இல்லாமல் வரும் பாட்டிலை, யார் சிபாரிசு செய்தாலும் தொடாதீர்கள்.

அதே உயரத்தில் இருக்கும் பக்கத்துத் தோட்டம்

மேலே சொன்ன அளவுகோல்களில் பெரும்பாலானவற்றில் இது தேறும். உயரம் ஒன்று, மழை ஒன்று, வாங்கும் வியாபாரிகூட ஒருவராகவே இருக்கலாம். நினைத்த நேரத்தில் திரும்பக் கேட்கலாம். கேட்காததையும் கண்ணால் பார்க்கலாம்: மூடாக்கை விலக்கினால் மண்புழு இருக்கிறதா, மண் கையில் பொலபொலவென்று உதிர்கிறதா, எந்தப் பாத்தியைக் காட்டாமல் தாண்டிப் போகிறார் என்பதெல்லாம்.

மாடு இல்லாத மலையில் என்ன செய்வது என்பதற்கு நான் பார்த்த நல்ல பதில் இப்படி ஒரு தோட்டத்தில்தான் கிடைத்தது. கொரியாவின் சோ ஹான் கியூ சொல்லிக்கொடுத்த முறை. சற்று விறைப்பாக வடித்த சோற்றை ஒரு மரப்பெட்டியில் முக்கால் அளவுக்குப் போட்டு, மேலே தாளைக் கட்டி, தோட்டத்து ஓரத்து மூங்கில் புதரடியில் சருகுக்குள் புதைத்து வைத்திருந்தார். மழை இறங்காமல் மேலே ஒரு பிளாஸ்டிக். நம் குளிருக்கு ஐந்தாறு நாளில் சோற்றின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. கறுப்போ சிவப்போ அதிகமாக வந்தால் கொட்டிவிட வேண்டுமாம். வெள்ளையாக வந்ததைச் சம எடை பழுப்புச் சீனியோடு பிசைந்து ஜாடியில் வைக்கிறார். குளிர் நாட்டில் பிறந்த முறை, வேண்டிய நுண்ணுயிர் நம் மலையிலிருந்தே எடுத்தது, சாணத்துக்கு வண்டி ஏற வேண்டியதில்லை. மலைக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஜீவாமிர்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விற்பனையைப் பற்றிய உண்மையும் இங்கேதான் கிடைக்கும். "தம்பி, முதல் போகத்துல இலையில ஓட்டை விழத்தான் செய்யும், தவ்கேகிட்ட முன்னாடியே பேசி வச்சிரு" என்று ஒரு மூத்த விவசாயி சொன்னால் அதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. ஓட்டை விழுந்த கோஸுக்கு எவ்வளவு கழிப்பார்கள், எந்தக் கடை வாங்கும், ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரத்தில் சுற்றுலாக்காரர்களிடம் விற்றால் எவ்வளவு போகும் என்று அவருக்குத் தெரியும்.

இதற்கும் செலவு உண்டு. முதலாவது கூச்சம். போட்டி விவசாயி எதற்குச் சொல்லித் தருவார் என்று நினைத்துப் போகாமலே இருந்துவிடுகிறோம். வெறுங்கையோடு போகாமல் அரை நாள் வேலை செய்து கொடுங்கள், பேச்சு தானாக வரும். அவர் சீனராக இருந்தால் பசார் மலாய் எனும் கடைத்தெரு மலாய் போதும். வேலை செய்யும் கைக்கு மொழி அதிகம் வேண்டியதில்லை. இரண்டாவது, நோய். கோஸ் வேர் வீங்கும் நோயும் தக்காளி வாடும் நோயும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பூட்ஸில் ஏறி வரும், வேர் வீக்கக் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். இன்னொருவர் தோட்டத்துக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுங்கள். மூன்றாவது, அவருக்கு வாய்த்தது எல்லாம் முறையினால்தானா, பத்து வருஷமாகச் சேர்ந்த மண்ணினாலா என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் மண் பரிசோதனையை இரண்டாவது படியாகச் சொன்னேன்.

கட்டணப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. நடத்துபவரின் தோட்டம் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருந்து, அதைத் திறந்து காட்டத் தயாராக இருந்தால் போகலாம். மண்டபத்தில் உட்கார வைத்துக் கடைசியில் பாட்டில் விற்பதாக இருந்தால் வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | மலைக்குப் பொருத்தம் | திரும்பக் கேட்க | வேகம் | விற்பனைக்கு உதவி | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| வீடியோ | குறைவு | முடியாது | உடனே | இல்லை | தவறினால் ஒரு போகம் |
| வாட்ஸ்அப் | குழுவைப் பொறுத்தது | முடியும் | மிக வேகம் | விலைச் செய்தி மட்டும் | நேரம், அரைகுறைத் தகவல் |
| விவசாய இலாகா, மார்டி | அதிகம் | முடியும் | மெதுவாக | மிக அதிகம் | பாரம், பதிவேடு, காத்திருப்பு |
| மருந்துக்கடை | அதிகம் | முடியும் | உடனே | இல்லை | கடன் கட்டு, தேவையில்லாத பாட்டில் |
| பக்கத்துத் தோட்டம் | மிக அதிகம் | நன்றாக முடியும் | அன்றைக்கே | அதிகம் | உழைப்பு, நோய் ஒட்டும் அபாயம் |

யாருக்கு எது

லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் மிளகாயும் கீரையும் போடுபவருக்கு வீடியோவே போதும். தவறினாலும் நஷ்டம் சின்னது, கற்றுக்கொள்ளும் மகிழ்ச்சி பெரியது.

அரை ஏக்கர், ஓர் ஏக்கர் டிஓஎல் நிலத்தில் வருமானத்தை நம்பி இருப்பவர், மொத்த நிலத்தையும் ஒரே அடியாக மாற்ற வேண்டாம். பக்கத்துத் தோட்டம், மண் பரிசோதனை இரண்டையும் முடித்துவிட்டு, மேலிருந்து தண்ணீர் வராத ஒரு மூலையில் நாலைந்து பாத்தி. மிச்சத்தில் பழைய முறையே ஓடட்டும், ஒரு போகத்துக்காவது.

பயிரில் இப்போதே பூச்சி ஏறியிருப்பவருக்குத் தத்துவம் தேடும் நேரம் இது இல்லை. இலையைத் திருப்பிக் குளவிக்கூடு இருக்கிறதா பாருங்கள், மலைக்காரர்கள் உள்ள குழுவில் படத்தைப் போடுங்கள், தேவைப்பட்டால் கடையில் பிடி பொடி வாங்குங்கள்.

லேபிள் ஒட்டி நல்ல விலைக்கு விற்கும் எண்ணம் இருப்பவருக்கு இலாகாதான் முதல் வாசல். வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். சான்றிதழுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் இரண்டு வருஷம் இயற்கை முறையில் பயிர் செய்துவிட்டு, பதிவேடு எழுதவில்லை என்ற காரணத்துக்காகத் திரும்ப ஆரம்பிப்பது கொடுமை.

நீங்கள் பகிரும்போது

எதைப் பகிர்ந்தாலும் இத்தனையும் சேர்த்து எழுதுங்கள்: ஊர், பயிர், நட்டு எத்தனை நாள், கூரைக்குள்ளா வெளியிலா, பத்து லிட்டருக்கு எவ்வளவு, அந்த வாரம் மழை எப்படி, கூடவே வேறு என்ன போட்டீர்கள். முக்கியமாக, பக்கத்தில் எதுவுமே அடிக்காத ஒரு பாத்தி எப்படி இருந்தது என்பது. சரியாக வராததையும் இதே மாதிரி எழுதிப் போடுங்கள். குரல் பதிவாகச் சொன்னாலும் பரவாயில்லை, அளவு மட்டும் எழுத்தில் இருக்கட்டும்.

நாம் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். பல தோட்டங்களில் மருந்து அடிப்பதும் கரைசல் கலக்குவதும் வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்த தொழிலாளி. நீங்கள் கற்றுக்கொண்டது அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் குளவிக்கூடு உள்ள பாத்தியிலும் பழைய பழக்கத்தில் அடித்துவிடுவார். அவரையும் கூட்டிப்போய் இலையைத் திருப்பிக் காட்டுங்கள், டிரம்மில் எந்தக் கோடு வரை தண்ணீர், எந்தக் குவளையால் எத்தனை குவளை என்று பெயிண்டில் குறித்து வையுங்கள், அடிக்கக் கூடாத பாத்தியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.